லீவு கேட்காத பெண்கள்

"உள்ளே வாடி! இபு தர்மி பார்த்தா எல்லாம் தெரிஞ்சிடும்."

லிஸ்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஃபாக்டரி கிளினிக்குக்குள் நுழைந்தாள் சுமார்னி. இந்தோனேஷியாவின் செமாராங் நகரில் சட்டை தைக்கிற ஃபாக்டரி அது. லிஸ்தி வேலை செய்யும் தையல் லைனுக்கு சுமார்னிதான் சூப்பர்வைசர். கிளினிக் நர்ஸ் தர்மியை எல்லோரும் 'இபு', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

சாப்பாட்டு நேரம். தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் லைன் பெண்கள் நாலைந்து பேர் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள். வேடிக்கை என்றால் களைப்பு தெரியாதே!

"இபு, இவ மாசாமாசம் விலக்கு லீவு கேட்டு என் உயிரை எடுப்பா. இப்ப மூணு மாசமா வாயே திறக்கலை. கல்யாணம் ஆகாத பொண்ணு! என்னன்னு பாருங்க."

மாதவிலக்குக்கு லீவு சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் தாராளம்தான். ஆனால் கேட்கிறவள் நர்ஸிடம் போய்க் காட்ட வேண்டும். அந்த மானக்கேட்டுக்குப் பயந்தே பலர் கேட்பதில்லை.

லிஸ்தி அழுதாள். அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. கர்ப்பம் என்றால் புதுப்பிக்க மாட்டார்கள். ஊரில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

நர்ஸ் தர்மி சோதித்துப் பார்த்தாள்.

"பிள்ளையும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீ என்னம்மா சாப்பிடறே?"

"நூடுல்ஸ், இபு."

"ராத்திரி?"

"ஓவர்டைம் முடிஞ்சு போனா சாப்பிடத் தெம்பு இருக்காது. படுப்பேன், தூக்கமும் வராது."

தர்மி பெருமூச்சு விட்டாள். "சாப்பாடு, தூக்கம் ரெண்டும் இல்லை, ஓயாத கவலை வேற. உடம்பு நிறுத்தத்தான் செய்யும். தைராய்டு கோளாறா இருந்தாலும் நிக்கும். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதறேன், ரத்தம் டெஸ்டுக்குக் கொடுத்துப் பாரு."

சுமார்னி விடவில்லை. "சும்மா இருங்க இபு! எல்லாருக்கும் அதே ஓவர்டைம், அதே டார்கெட்தானே? இதோ நிக்கறாங்களே, இவங்க யாராவது லீவுன்னு வந்து நின்னிருக்காங்களா? வேலையில அக்கறை! என்னடி, சொல்லுங்களேன்."

வாசலில் நின்ற ஒருத்தி தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

"வந்தாத்தானே அக்கா லீவு கேக்க? எனக்கும் நின்னு போச்சு. நீங்க சந்தேகப்படுவீங்கன்னு சொல்லலை."

"எனக்கும்தான் அக்கா."

"எனக்கும்."

சுமார்னி எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் தர்மியிடம் சொன்னாள்:

"இபு... அந்தச் சீட்டு எனக்கும் ஒண்ணு எழுதுங்க. போன நோன்புப் பெருநாளுக்கு முன்னாடியே நின்னு போச்சு. வயசாயிடுச்சுன்னு சொல்லி மனசைத் தேத்திக்கிட்டேன். முப்பத்திமூணுதான் இபு ஆகுது எனக்கு."