கூட்டம் சேர்த்தவன்

அப்பாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை வெங்கடேஷ் பல்லால் கடித்து அறுத்தான். "எல்லாம் இதால வந்த வினை!" என்று அதை ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே வீசினான்.

"ஐயோ, சேர்வராயன் கோயில் கயிறு கண்ணு அது!" என்று பதறினாள் அம்மா கண்ணம்மாள்.

"அந்தச் சேர்வராயன் வந்து கால ஒட்ட வெச்சுக் குடுப்பாரா?"

கட்டிலில் வெங்கடாசலம் கண்ணை மூடிக் கிடந்தார். காபித் தோட்டத்தில் ஏதோ முள் குத்தியது என்று அலட்சியமாக விட்டது, இன்று பாதம் முழுக்கக் கறுத்துக் கணுக்காலைத் தாண்டிவிட்டது. டாக்டர் சுஜாதா இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனார். உடனே சேலத்துக்குக் கொண்டு போக வேண்டும், முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும்.

அவர்கள் ஊரான மஞ்சக்குட்டையில் ஏணி சாத்தி மிளகு பறிக்க வெங்கடாசலத்தை விட்டால் ஆளில்லை என்பார்கள். அந்தக் காலைத்தான் எடுக்கப் போகிறார்கள். வெங்கடேஷ் அம்மா பக்கம் திரும்பினான்.

"சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்குதுன்னா, மாசக்கணக்கா மாத்திரையே போடலைன்னு அர்த்தமாம். டாக்டர் என்னையத்தான் காறித் துப்பாத குறை. கயிறு கட்டியாச்சு, சாமி பாத்துக்கும்னு நிறுத்திப்புட்ட. அப்படித்தானம்மா?"

"சத்தியமா இல்ல கண்ணு. காத்தாலயும் பொழுதோடயும் நாந்தான் அவரு கையில மாத்திரயக் குடுப்பேன். வாங்கிக்கிட்டு, சொம்பத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போவாரு."

"பொய் சொல்லாத."

"அண்ணா..." என்று ஏதோ சொல்ல வந்தாள் சுவரோரம் நின்றிருந்த தங்கை கவிப்பிரியா.

"நீ வாய மூடு. நீயும் அம்மாவுக்கு ஜால்ரா போடாத."

அவன் கொதிப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த மாத்திரைகள் அத்தனையும் அவன் சம்பாத்தியத்தில் வாங்கியவை.

டிகிரி முடித்துவிட்டு ஏற்காட்டில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கியும் வேலை கிடைக்காமல், சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கியவன் அவன். ஆட்கள் வந்து படிக்கப் படிக்க, ஓரத்தில் ஓடும் விளம்பரங்களுக்குக் காசு வரும். முதலில் ஏரி, படகு, காபித் தோட்டம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினான். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டது. ராத்திரியில் நடமாடும் சித்தர், நூற்றிருபது வயதுக் கிழவர் தின்ற கிழங்கு, மருந்தையே மறக்கடிக்கும் பச்சிலை, பாறைக்குள் கேட்கும் மணியோசை என்று வாய்க்கு வந்ததை அள்ளிவிட்டான். கூட்டம் குவிந்தது. புளுகுக்கு இருக்கிற மவுசு உண்மைக்கு ஏது?

காசு வர ஆரம்பித்ததும் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். வெங்கடாசலத்துக்கோ பெருமை தாங்கவில்லை. எழுத்துக்கூட்டவும் தெரியாத மனுஷர், கவிப்பிரியாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, மகன் எழுதியதை ஒன்று விடாமல் போனில் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஜீப்பில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம், "ஏனுங்க, எம் பையன் எழுதறத நொம்பப் பேரு படிக்கிறாங்களாமுங்க" என்று வலியச் சொல்வார். பாதிப் பேர் இறங்கும் இடம் வருவதற்கு முன்பே இறங்கி நடந்துவிடுவார்கள்.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. வெங்கடேஷின் ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

"கால் போச்சுன்னா அதுக்கு நீதாம்மா பொறுப்பு. படிச்சவன் ஒருத்தன் ஊட்டுல இருக்கேன்ல? நிறுத்தறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டியா? இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மூடநம்பிக்கையா?"

கண்ணம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். திருவிழாக் கூட்டத்தில் முட்டி மோதி அந்தக் கயிற்றை வாங்கி வந்தவள் அவள்தான். ஒருவேளை தன்மேல்தான் தப்போ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வெங்கடாசலம் கண்ணைத் திறந்தார்.

"உங்கம்மாவ வையாத சாமி. அவ பாவம். மாத்திரய வாங்கி, வாசல்ல செடிக்குள்ள வீசினது நாந்தான்."

வெங்கடேஷ் திகைத்துப் போனான். "ஏம்ப்பா? ஏன் இப்படிப் பண்ணுனீங்க?"

கவிப்பிரியா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெங்கடாசலம் மகனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போலச் சொன்னார்.

"உன்ற எழுத்துல ஒரு கொறையும் இல்ல சாமி. பச்சில குடிக்கறப்போ மாத்திரயத் தொடவே கூடாதுன்னு நீ தெளிவாத்தான் போட்டிருந்த. நாந்தான் ஒருநா தலசுத்தலுக்குப் பயந்து ஒண்ண முழுங்கிப்புட்டேன்."