கௌராமியை உள்ளே விடும் விதம்

அப்பா மீன்தொட்டிக்குள் கைவிட்டுக் கற்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்.

மாடிவீட்டைவிடப் பெரிய எந்திரத்தை ஓட்டிச் சுரங்கத்தில் மண் வெட்டுகிற கை. ஒரு கூழாங்கல் அடியில் படும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஏஞ்சல் மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. அவற்றில் பெரியது யாரையும் அண்டவிடாமல் காவல் காத்த பாறை இப்போது வேறு பக்கம் இருந்தது.

“இப்ப பழசுங்களுக்கும் இது புது வூடுதான். அப்பறம் யாரு யார வெரட்டறது?” என்றார் அப்பா.

“மீனுக்கு வீடு மாத்த மட்டும் நேரம் இருக்கு. நாம வேற குவார்ட்டர்ஸ் மாத்தலாம்னு கேட்டா பதிலே வராது,” என்றாள் அம்மா.

அவள் கண் என்னவோ தண்ணீரில் மிதந்த டப்பாவிலேயே இருந்தது.

டப்பாவில் புது மீன், கௌராமி. கடையிலிருந்து வந்தபோது அதன் உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளி. இத்தனை நாளும் பின்பக்கம் ஒரு பெயிண்ட் வாளியில் தனியாகக் கிடந்தது. மருந்து ஊற்றியது அப்பா. பக்கத்தில் உட்கார்ந்து, தின்கிறதா என்று பார்த்தது அம்மா.

இதற்கு முன் வாங்கிய ஒன்றை வந்த அன்றே உள்ளே கவிழ்த்துவிட்டோம். காலையில் அது வால் இல்லாமல் மிதந்தது. அன்று முழுக்க அம்மா சாப்பிடவில்லை.

இந்தத் தொட்டி, பவித்ரா அக்கா தன் முதல் சம்பளத்தில் வாங்கியது. அவள் ஜெப்ரினைக் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு அம்மா அவள் பெயரைச் சொல்வதில்லை. அக்காவின் மீன்களுக்குத் தீனி போடுவதை மட்டும் அம்மா நிறுத்தவில்லை.

அக்கா வந்தால் அம்மா எழுந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். பொங்கலுக்கும் அப்படித்தான். அக்கா கொண்டுவந்த கரும்பை வாசலில் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கம்மாபுரம் பஸ் ஏறிப் போனாள்.

இரண்டு பேரிடமும் அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

டப்பாவிலிருந்த மருந்துத் தண்ணீரைக் குழம்புக் கரண்டியால் அள்ளி வெளியே ஊற்றினார். அதே அளவு தொட்டித் தண்ணீரை உள்ளே ஊற்றினார். ஊற்றுவார், நிறுத்துவார், கௌராமியின் செவுள் அசைவதைக் குனிந்து பார்ப்பார், மறுபடி ஊற்றுவார். துண்டோடு பக்கத்தில் நின்ற எனக்கே மூச்சு நிதானமாகிவிட்டது.

“கஸ்தூரி, ரெண்டு கையும் உள்ள வுடு. டப்பாவச் சாய்ச்சுப் புடிச்சுக்க. ஆட்டாத. அதுவா வெளிய வரட்டும்.”

“ஏன், உங்க கைக்கு என்ன வந்துச்சு?”

“ஒன் கைதான் அதுக்குப் பழக்கம்.”

அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கை வரை கையை விட்டாள். டப்பாவின் வாய் மெல்லச் சாய்ந்தது. கௌராமி உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

“லைட்ட அணைக்கறேன். வெளிச்சத்துல பழசுங்க பாய்ஞ்சிடும்,” என்று சொல்லிவிட்டு அப்பா நகர்ந்தார்.

வீடு முழுவதும் இருண்டது. ஃபேன் மெல்லச் சுற்றி ஓய்ந்தது. தொட்டியின் காற்றுக் குமிழ்ச் சத்தமும் நின்றது.

அந்த அமைதியில் பின்பக்கக் கதவு திறந்தது.

கொலுசுச் சத்தம் அடுப்படியைத் தாண்டி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றது. அது பவித்ரா அக்கா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மா சட்டென்று விலகப் பார்த்தாள். டப்பா ஆடியது. கௌராமி உள்ளுக்குள் மோதியது கேட்டது.

அம்மா அப்படியே நின்றாள்.

“கை வலிக்கும்மா,” என்றாள் அக்கா. வளையல்களை மேலே தள்ளிவிட்டுத் தன் கைகளையும் தண்ணீருக்குள் விட்டு, டப்பாவைக் கீழிருந்து தாங்கினாள்.

ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்தது. எதிர் குவார்ட்டர்ஸில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவிலேயே இருட்டாக இருந்தது எங்கள் வீடு மட்டும்தான்.

தொட்டி விளக்குக்குத் தனி சுவிட்ச் இருக்கிறது.

அப்பா வாசல் ஓரம் மெயின் சுவிட்சுக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவரை நான் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

கண் இருட்டுக்குப் பழகியபோது கௌராமி டப்பாவை விட்டு எப்போதோ போயிருந்தது. ஒரு கல்லின் பின்னால் அதன் நிழல் மெல்ல அசைந்தது. எதுவும் அதைத் துரத்தவில்லை.

காலி டப்பாவை நான்கு கைகளும் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன.

அப்பாவின் கை சுவிட்ச் பக்கம் போனது.

“இப்பப் போடாதீங்க,” என்றாள் அம்மா.