இடப்பக்க மூங்கில்

"சார், உங்க எடை எவ்வளவு?"

படகிலிருந்து இறங்கி ஈர மணலில் கால் வைத்ததும் ரெமெடியோஸ் அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அந்தத் தீவின் ஊர்த்தலைவி அவர். எனக்குப் பின்னால் இறங்கிய பதினான்கு பேரிடமும் இதையே கேட்டு, கையிலிருந்த அட்டையில் குறித்துக்கொண்டார்.

"எண்பத்தாறு," என்றேன். தொண்ணூற்றெட்டு என்பது எனக்கும் எங்கள் வீட்டு எடை மிஷினுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். படகில் ஆட்களைப் பார்த்து உட்கார வைக்க எடை கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். திரும்பிப் போவதற்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் இலோயிலோ நகர அலுவலகம் ஏதாவது ஒரு தீவுக்குச் சேவை செய்யக் கிளம்பும். போன வருடம் ஒரு தீவில் குடிநீர்த் தொட்டிக்கு நாங்கள் அடித்த பெயிண்ட், ஒரு மாதம் அவர்கள் சோற்றில் மணத்ததாம். குழுத் தலைவன் அப்போதும் நான்தான், இப்போதும் நான்தான். இந்த முறையாவது மானத்தைக் காப்பாற்றியே தீருவது என்று வந்திருந்தேன்.

இந்த முறை வேலை, வீடு தூக்குவது. அக்காவின் மாமனார் செல்சோ தாத்தாவின் ஓலை வீட்டு வாசற்படி வரை கடல் மணலை அரித்துவிட்டது. மறுநாள் பௌர்ணமி, கடல் பொங்கினால் வீடு போய்விடும். தாத்தாவோ இடுப்பெலும்பு முறிந்து, வலப்பக்கச் சுவரோரம் இரும்பாய்க் கனக்கும் பழைய மரக்கட்டிலில் கிடந்தார். அவரை அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவரோடு சேர்த்தே வீட்டைத் தூக்கி மேட்டில் வைப்பதாக ஏற்பாடு.

வீட்டுக்கு அடியில் நீள மூங்கில்களைக் கொடுத்துக் கட்டியிருந்தார்கள். ஊர்க்காரர்களும் எங்கள் ஆட்களும் தோள் கொடுக்கத் தயாரானார்கள். அக்கா அட்டையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"டெல்பின் சார், இடப்பக்க மூங்கிலோட முனை உங்களுக்கு. ரொம்ப முக்கியமான இடம்."

ஜிம்மிலேயே குடியிருக்கும் எங்கள் ஜொமாருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "அக்கா, அங்க நான் நிக்கிறேனே? இவரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குவாரு!"

"நீ போயி கெழங்கு உரி தம்பி."

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மூங்கிலுக்கு என் தோளைக் கொண்டுபோனேன். அக்கா தடுத்தார்.

"தோளு வேணாம் சார். ரெண்டு கையையும் மேல போட்டு, அக்குள்ல இடுக்கிக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. என்ன ஆனாலும் விட்டுடாதீங்க."

முக்கியமான இடத்துக்குத் தனி முறை போலும். அப்படியே பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

வீடு எழும்பியது. நானும் பல்லைக் கடித்தேன். ஆனால் என் பக்கம் மெல்லத் தாழ்ந்தது. "யாருப்பா என் பக்கம் சும்மா வர்றது? ஒழுங்காத் தூக்குங்க!" என்று அதட்டினேன். அக்கா ஓடிப்போய், அரை மூட்டை அரிசியைத் தாத்தாவின் கட்டிலில் ஏற்றினார். புது வீட்டுக்கு முதலில் அரிசி போக வேண்டும் என்பது எங்கள் சம்பிரதாயம். இந்த அவசரத்திலும் அதை மறக்கவில்லையே என்று மெச்சிக்கொண்டேன்.

பாதி வழியில் நண்டுகள் வளை தோண்டிய சேறு. முழங்கால் வரை புதைந்து எல்லோரும் முனகினார்கள். எனக்கோ கால்கள் தாமாகவே மடங்கிக்கொள்ள, கைகள் மரத்துப்போய், அக்குள் தீயாய் எரிந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்த நேரத்தில், ஜன்னல் வழியே தாத்தாவின் குரல் வந்தது.

"தம்பி, கைய விட்டுடாத! ஒன்ன நம்பித்தான் படுத்திருக்கேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தேழு வயதில் என்னை நம்பி ஒருவர் படுத்திருப்பது இதுவே முதல்முறை. உயிரே போனாலும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன்.

மேட்டில் வீடு உட்கார்ந்தது. தாத்தாவுக்கு ஒரு குலுக்கல்கூட இல்லை. படுத்தபடியே இளநீர் கேட்டார். ஊரே கை தட்டியது. எல்லோர் காலிலும் சேறு அப்பிக் கிடக்க, என் வெள்ளை ஷூவில் ஒரு பொட்டு இல்லை.

"பாத்தியா? நடக்கத் தெரிஞ்சவன் நடந்தா இப்படித்தான்," என்றேன் ஜொமாரிடம். அவன் என் ஷூவையே உற்றுப் பார்த்தான்.

சுட்ட மீனும் மரவள்ளிக் கிழங்குமாய்ப் பந்தி நடந்தது. எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்று உரக்கவே கேட்டேன்.

"பதினஞ்சு பேர்ல என்னை மட்டும் எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

அக்கா என் இலையில் இன்னொரு மீனை வைத்தார்.

"மாமனாரும் கட்டிலும் அந்தப் பக்கம் கனக்குது. வீடு கொடசாயாம இருக்க, இந்தப் பக்கம் ஈடா ஒரு பாரம் தொங்கணும்ல?"

என் கை மீனோடு அப்படியே நின்றது. அக்கா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அடுத்த தடவ எடைய நெசமாச் சொல்லுங்க சார், அரிசி மூட்டைய ஏத்துற வேல மிச்சமாகும்."