நீலத் துளி

மழை விட்ட கண்டியின் வெளிச்சம் ஆஸ்பத்திரி ஜன்னலில் பால்போல் நிற்கிறது. பீங்கான் தட்டில் இரண்டு ஆட்டுக் கணையங்கள். ஒன்றைக் குடலோடும் மற்றதை இரைப்பையோடும் டொக்டர் அருளையா தைத்து வைத்திருக்கிறார். தாதி மார்கிரட் இரண்டுக்குள்ளும் நீல மைத் தண்ணீரை மெல்லச் செலுத்துகிறாள். "எது ஒழுகேல்லையோ, அப்பிடித்தான் நாளைக்குக் கட்டியை வெட்டிப்போட்டு உங்கட மனுசனுக்கும் தைப்பன்," என்கிறார் டொக்டர், எதிரே நிற்கும் றலியாவிடம். கணையத்தில் கட்டி வந்து, பக்கத்து வார்ட்டில் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடப்பவரின் மனைவி அவள்; முக்காட்டைப் பற்றியபடி குனிகிறாள். குடல் தையலில் நீலம் கசிந்து பரவுகிறது. இரைப்பைத் தையலில் ஒன்றுமில்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, மிஸ்ஸி," என்கிறாள் றலியா. மார்கிரட் ஊற்றுகிறாள். குளத்துப் பக்கப் பள்ளிவாசலிலிருந்து பாங்கோசை மிதந்து வருகிறது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போடுகிறார். இன்னும் விழாத துளியை ஏந்த, றலியாவின் உள்ளங்கை தட்டின் விளிம்பைத் தாண்டி நிற்கும் இரைப்பைத் தையலுக்குக் கீழே விரிந்திருக்கிறது.