ஏஜெண்டுக்கு எண்ணெய்க் குளியல்

"ஓசிக் குளியலுக்கு ஆள் வந்தாச்சு," என்றாள் சுல்தான் பீவி, ஜன்னல் வழியே பார்த்தபடி.

குற்றாலத்து வீட்டின் வாசலில் குதிரை வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர் பெயர் கடற்கரை. தூத்துக்குடியில் மீரான் கம்பெனியின் சுங்க ஏஜெண்டு. கப்பலில் வரும் சரக்குக்குத் தீர்வை கட்டி, வெளியே எடுத்து, தென்காசிக்கு ரயிலேற்றுவது அவர் வேலை.

"சரக்கு துறைமுகத்துல கெடக்கு. இவரு சாரலுக்கு வந்துட்டாரு. வருஷா வருஷம் இதே கூத்து!"

"மெதுவாப் பேசு," என்றார் அவள் கணவர், கம்பெனி முதலாளி முகம்மது மீரான். "வரட்டும். மனுஷனை நல்லாக் கவனிச்சு அனுப்புனா சரக்கு தன்னால வரும். வியாபாரத்துல இதெல்லாம் ஒரு சூட்சுமம். ஒனக்குப் புரியாது."

பன்னிரண்டு பெட்டி ஜெர்மன் சாயப்பொடி துறைமுகக் கிட்டங்கியில் கிடந்தது. ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை நெய்ய வேண்டிய கடையநல்லூர் நெசவாளர்கள், வெள்ளிக்கிழமைக்குள் சாயம் வராவிட்டால் மதுரை வியாபாரியிடம் போய்விடுவோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். போனால் திரும்ப மாட்டார்கள். கம்பெனி படுத்துவிடும்.

கடற்கரை உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்டார்:

"மொதலாளி, எந்தப் பெட்டியில என்ன இருக்கு? சொல்லத் தெரியலன்னா பன்னிரண்டையும் ஒடச்சுப் பாக்கணும்ங்காரு சுங்கத் துரை. அதுக்கே பத்து நாளாகும்."

"சரக்கு இருக்கு, அண்ணாச்சி."

"அது தெரியுது. என்ன சரக்கு?"

"சாயச் சரக்கு."

கடற்கரை பெருமூச்சு விட்டார்.

ரகசியம் காப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது மீரானின் எண்ணம். ஏஜெண்டு நாலு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர். இவரிடம் சொன்னால் மதுரைக்காரன் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? சரக்கு அனுப்பும் ஜெர்மன்காரனிடம்கூட, பெட்டிகளின் மேல் 'சாயம்' என்று மட்டும் எழுதச் சொல்லியிருந்தார்.

"அதை விடுங்க, அண்ணாச்சி. ஒரு எண்ணெய்க் குளியல் போடுவோமா?"

"போட்டுருவோம்," என்றார் கடற்கரை உடனே.

'இதுக்கு மட்டும் யோசிக்க மாட்டாரு' என்று நினைத்துக்கொண்டார் மீரான்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிற இசக்கி காத்திருந்தான். முதலில் முதலாளி பாறையில் குப்புறப் படுத்தார். கடற்கரை மரியாதையாகத் தள்ளிப் போய் நின்றார். அருவி இரைச்சலில் அங்கே ஒன்றும் கேட்காது.

இசக்கி முதுகில் கட்டைவிரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தான்.

"என்ன மொதலாளி, ஒடம்பு இப்படி இறுகிக் கெடக்கு? மனசுல கவலையா?"

"பின்ன என்னலே? கிளிப்பச்சை! இந்த ஜில்லாவுல எவனும் கொண்டாராத கலரு. மொத நாலு பெட்டியும் அதான். அடுத்த ஆறும் மஞ்சள். கடைசி ரெண்டும் கத்தரிப்பூ. ஏலே, வெளிய விட்டுராத."

"நான் யார்ட்ட மொதலாளி சொல்லப் போறேன்?"

மீரானுக்கு நெஞ்சுப் பாரமே இறங்கியதுபோல் இருந்தது. ஏஜெண்டைப் பாறையில் படுக்கவைத்துவிட்டு, உற்சாகமாக அருவிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது, கடற்கரை எண்ணெய் வழிய வழியச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, குளிக்கல? வீட்டுல நெய்ச்சோறு தயாராகுதே!"

"மத்தியான ரயிலப் பிடிக்கணும், மொதலாளி. வியாழக்கிழமை சரக்கு தென்காசி ஸ்டேஷன்ல இருக்கும்."

மீரான் முகம் மலர்ந்தது. சூட்சுமம் பலித்துவிட்டது!

"பாத்தியளா! ரெண்டு கை எண்ணெய் வச்சதும் வேலை எப்படி ஓடுது!"

"நாலு கிளிப்பச்சை, ஆறு மஞ்சள், ரெண்டு கத்தரிப்பூ," என்றார் கடற்கரை. "இதச் சொல்லிட்டா, துரை ஒரு பெட்டியப் பாத்துட்டு மிச்சத்த விட்டுருவாரு."

இடுப்புத் துண்டைப் பிடித்தபடி மீரான் அப்படியே நின்றார். இசக்கியைப் பார்த்தார். இசக்கி அருவியைப் பார்த்தான்.

"போன வருஷமும் இங்கனதான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கு முந்துன வருஷமும்."

"அப்ப... மதுரைக்காரனுக்கு?"

"ஒங்க கலரு ஒண்ணாச்சும் இதுவரைக்கும் மதுரைக்குப் போயிருக்கா, மொதலாளி?"

மீரான் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

கடற்கரை, காத்திருந்த குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அடுக்கடுக்காக நாலு தும்மல் போட்டார்.

"அடுத்த வருஷமாவது எங்கிட்டயே சொல்லிருங்க, மொதலாளி. இந்த எண்ணெய் எனக்கு ஒத்துக்கிடல. ஒவ்வொரு சீசனுக்கும் சரக்க அனுப்பிட்டு ஒரு வாரம் காய்ச்சல்ல கெடக்கேன்."