நாற்பதடி மணல்

நான் ஜீப்பைத் திருப்பும்போது அந்தப் பெண் கம்பத்தை அடித்து முடித்திருந்தாள்.

பழுப்பு நிறக் கம்பம், இடுப்பளவு உயரம். மேலே ஒரு ஜீப் படம், அதன் மீது சிவப்புக் கோடு. சரியாக எங்கள் வழி தொடங்கும் இடத்தில்.

வந்த எரிச்சலில் ஹார்னை அழுத்தினேன். அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தாள். அரசு நில அலுவலகத்துச் சட்டை. மார்பில் ஹால்வர்சன் என்று பெயர். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

பக்கத்து இருக்கையில் என் மனைவி லரூ, மடியில் சாண்ட்விச் டப்பாவுடன் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கால்கள் விழுந்து பதினொரு வருடம் ஆகிறது.

அந்தப் பதினொரு வருடமும், பனி கொட்டாத ஒவ்வொரு வியாழக்கிழமையும், இந்த வழியில்தான் அவளைக் கூட்டிப்போகிறேன். ஒரு காலத்தில் யுரேனியம் தேடி வந்தவர்கள் போட்ட தடம். முதலில் நாற்பதடி மணல், பிறகு முழுக்க வெறும் பாறை. ஆறு மைல் குலுங்கிப் போனால் பள்ளத்தாக்கின் விளிம்பு. அங்கே ஜீப்பை நேராக நிறுத்திவிட்டால் அவள் இறங்கவே வேண்டாம். தேசியப் பூங்காவின் சிவப்புத் தூண்கள் அத்தனையும், கீழே ஆறு வளைவதும், இருந்த இடத்திலிருந்தே தெரியும்.

பூங்காவுக்குள்ளேயே போகலாமே என்று எங்கள் மகள் கேட்பாள். போய்ப் பார்த்தோம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். அதுவும் பாதி முதுகு.

இந்த வழி போய்விட்டால் லரூவுக்கு மிஞ்சுவது எங்கள் சமையலறை ஜன்னல். அதில் தெரிவது பக்கத்து வீட்டு கேஸ் தொட்டி.

எங்கள் யூட்டா மாநிலத்தில் இப்போது யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி. பெட்ரோல் போடும் இடத்தில், டோனட் கடையில், சர்ச் வாசலில்கூட. பூங்கா பக்கம் கூட்டமில்லாத நல்ல ஜீப் வழி ஏதாவது இருக்கிறதா? நான் எல்லாரையும் நேர் எதிர்த் திசையில் அனுப்பிவைப்பேன். கொஞ்சமும் உறுத்தியதில்லை. ஒருவனுக்குச் சொன்னால் போதும், அன்று மாலையே அது போனில் ஏறிவிடும், அடுத்த வாரம் அங்கே அறுபது ஜீப் நிற்கும். ராணி முகடு அப்படித்தான் நாசமாயிற்று. கழுதை ஓடையும் அப்படித்தான்.

"இந்த வழியை மூடியாச்சு சார்," என்றாள் ஹால்வர்சன். "திரும்பிப் போயிடுங்க."

"யாரைக் கேட்டு மூடினீங்க?"

"யாரும் போகாத தடத்தையெல்லாம் மூடச் சொல்லி உத்தரவு. மறுப்பு இருந்தா எழுதித் தாங்கன்னு போஸ்ட் ஆபீஸ்ல ஒட்டியிருந்தோமே. போன மாசத்தோட தேதி முடிஞ்சுது."

"நான்தான் எழுதச் சொன்னேனே," என்றாள் லரூ, என்னைப் பார்க்காமல்.

சொன்னாள்தான். ஆனால் எழுதினால் வழியை வரைபடத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். குறித்ததை அவர்கள் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுவார்கள். அதற்கு நானே ஊர் நடுவில் நின்று தம்பட்டம் அடித்துவிடலாம்.

கீழே இறங்கினேன். பாறையில் பிடிப்புக் கிடைக்கட்டும் என்று நான்கு டயரிலும் பாதிக் காற்றை வேறு இறக்கிவிட்டிருந்தேன். மறுபடி அடிக்க அரை மணி நேரம். அதுவும் சேர்ந்து தலைக்கு ஏறியது.

"போகலைன்னு யார் சொன்னது? வாராவாரம் போறேன். பதினோரு வருஷமா. நீங்க அப்ப பள்ளிக்கூடம் போயிட்டு இருந்திருப்பீங்க."

அவள் கோபப்படவில்லை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். மூன்று படங்கள். மார்ச், ஜூன், செப்டம்பர். மூன்றிலும் இதே நாற்பதடி மணல். கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

"மூணு தடவையும் நானே வந்து பார்த்தேன் சார். முயல் ஓடின தடம்கூட இருக்கு. டயர் தடம் ஒண்ணு இல்லை."

அப்போதுதான் அவள் லரூவைக் கவனித்தாள். பின்னால் மடித்துக் கட்டியிருந்த சக்கர நாற்காலியையும். குரல் இறங்கியது.

"உங்க வண்டி போன தடம் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. போட்டோ எடுத்து இன்னைக்கே எழுதி அனுப்பறேன். கம்பத்தையும் நானே பிடுங்கிடறேன். இதை அடிக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா?"

மணலைப் பார்த்தேன். போன வியாழக்கிழமை வந்துபோன பிறகு மழை இல்லை. பெரிய காற்றும் இல்லை.

ஒரு கோடுகூட இல்லை.

"சொல்லேன் டெல்வின்," என்றாள் லரூ.

குனிந்து டயரில் காற்றைப் பார்க்க ஆரம்பித்தேன்.

லரூ கையைப் பின்னால் விட்டு, நாற்காலிக்கு அடியில் கிடந்ததை இழுத்தாள். அது சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, ஜீப்புக்கு வெளியே அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

ஒரு ஜூனிப்பர் மரக் கிளை. பிடிக்கிற இடத்தில் பழைய துணி சுற்றியிருந்தது. மணலில் இழுபட்டு இழுபட்டு ஒரு பக்கம் மொட்டையாகியிருந்தது.

"வருஷத்துக்கு மூணு கிளை தேயும்," என்றாள் லரூ. "வீட்டுல துடைப்பத்தைத் தொட்டதே இல்லை. இங்க மட்டும், போகும்போது வரும்போதெல்லாம் இறங்கி, ரொம்ப நல்லாப் பெருக்குவார்."