அப்பா சொன்ன பதில்கள்

“ராத்திரி பூரா தூக்கமே இல்லீங்க டாக்டரம்மா. சுவரைப் பார்த்துத் தனியாப் பேசிக்கிட்டே இருந்தான்” என்றார் மூட்டை தூக்கிப் பிழைக்கும் அப்பா. பக்கத்தில் மொடமொடவென்று இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்த மகனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

போன மனநல மருத்துவமனையிலெல்லாம் பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கேயும் கைவிரித்தால் வேறு போக்கிடமில்லை. அதனால்தான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரியைப் பாதியில் விட்டுவிட்டு, தலையெல்லாம் மாவுத் தூசியோடு கூடவே வந்துவிட்டார்.

“புது ஆளுங்களைக் கண்டா பயமா, தம்பி?” மேசைக்கு அந்தப் பக்கமிருந்த கண்ணாடிக்காரம்மா கேட்டாள்.

“சின்னதுலேர்ந்தே பயங்க” என்றார் அப்பா.

“கோபம் வருமா?”

“இவனுக்கா? கொசு கடிச்சாக்கூட ஊதித்தான் விடுவான்.”

“அண்ணே, அவருக்கும் வாய் இருக்குல்ல?” என்றார் அவள் பக்கத்திலிருந்த தாடிக்காரர்.

அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். இதற்கு மாவு மூட்டை தூக்குவதே தேவலை போலிருந்தது.

“சுவத்துக்குள்ளேர்ந்து யாரோ பேசுறாங்கன்னா, அது பொய்யா தம்பி?” என்றாள் கண்ணாடிக்காரம்மா.

மகனே பதில் சொன்னான். “பேசுறது யாருன்னு தெரியாதுங்க. ஆனா காதுல விழுறது நிஜம்தான். பொய்னு அடிச்சுப் பேசுறவங்ககிட்ட அப்புறம் யாரு வாயைத் திறப்பா?”

செத்தோம் என்று நினைத்தார் அப்பா.

கண்ணாடிக்காரம்மா டீ கெட்டிலை நகர்த்தினாள். “எல்லாருக்கும் ஊத்துங்க, பார்ப்போம்.”

“ஐயோ, வேணாம்! வீட்டுல அடுப்புப் பக்கமே விடமாட்டோம். சுட்டுக்குவான்!” அப்பா பாய்ந்து எழுந்தார்.

“உட்காருங்க!” இரண்டு பேரும் சேர்ந்தே அதட்டினார்கள்.

மகன் ஊற்றினான். டம்ளரில் பாதி, மேசையில் பாதி. சர்க்கரை டப்பாவைத் திறந்தவன் அப்படியே நின்றான். “உங்களுக்கு எவ்வளவுங்க போடட்டும்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இதுக்கு முன்னாடி வந்த ஒருத்தரும் கேக்கல. அவங்க இஷ்டத்துக்குக் கொட்டினாங்க” என்றாள் கண்ணாடிக்காரம்மா.

“சேர்த்துக்கலாம்” என்றார் தாடிக்காரர்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து இரண்டு கையும் கூப்பினார். “நீங்க நல்லா இருக்கணும் டாக்டரம்மா!”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நாங்க இங்க நோயாளிங்க அண்ணே. பெரிய டாக்டர் எங்களையே இன்டர்வியூ பண்ணச் சொல்லிட்டாரு. எங்களுக்கு டாக்டரா நாங்களே பார்த்து எடுத்தது உங்க மகனை!”